பைக் ஏன் சுர்ருனு அதிருது? புதுசா ஓட்டுறவங்களுக்கு இன்ஜின் வைப்ரேஷன் பத்தி

புதுசா பைக் எடுத்தவங்க முதல் லாங் ரைடு முடிச்சு வந்ததும் கேக்குற கேள்வி ஒண்ணு உண்டு. "அண்ணா, 70 தாண்டினா ஹேண்டில் சுர்ருனு அதிருது, ஒரு மணி நேரத்துல விரல் மரத்துப்போகுது, வண்டியில ஏதாச்சும் கோளாறா?" இதுக்கு ஆமாம்னோ இல்லன்னோ ஒரே வார்த்தையில சொல்ல முடியாது, ஏன்னா அதிர்வுல ரெண்டு ரகம் இருக்கு, ஒண்ணு இன்ஜினோட கூடவே பிறந்தது, இன்னொண்ணு நடுவுல வந்து ஒட்டிக்கிட்டது. கூடப் பிறந்தத குறைக்கலாம், வேற ஸ்பீடுக்கு தள்ளி விடலாம், ஆனா அடியோட ஒழிக்க முடியாது. நடுவுல வந்தத தேடிக் கண்டுபிடிச்சு சரி பண்ணியே ஆகணும். எது எதுன்னு பிரிச்சு பாக்க தெரியாம தான் நெறைய பேரு நல்ல இன்ஜின பிரிக்க விட்டுட்டு வந்து நிக்கிறாங்க, இல்லன்னா கழண்டு விழப்போற போல்ட்ட "இந்த வண்டி அப்படித்தான்"னு விட்டுடுறாங்க.

முதல்ல கூடப் பிறந்தது. பழைய புல்லட் 350-ஐ எடுத்துக்கோங்க, 1955-ல இருந்து மெட்ராஸ்ல அசெம்பிள் ஆகி திருவொற்றியூர் பேக்டரியில வளர்ந்த வண்டி, 346 சிசி, ஒரே சிலிண்டர், போர் (சிலிண்டரோட உள் விட்டம்) 70 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 90 மில்லிமீட்டர். ஸ்ட்ரோக் 90ன்னா பிஸ்டன் மேல இருந்து கீழ வர 90 மில்லிமீட்டர் ஓடுது, அங்க நின்னு, திரும்பி மேல 90 ஓடி, திரும்ப நிக்குது. 3000 ஆர்பிஎம்னா இன்ஜின் நிமிஷத்துக்கு 3000 சுத்து, அதாவது செகண்டுக்கு 50 சுத்து. அதாவது ஒரு செகண்டுல 100 தடவ அந்த பிஸ்டன் பிரேக் போட்டு நின்னு எதிர்ப்பக்கம் ஓடுது! கணக்குக்கு பிஸ்டனும் அதுல மாட்டுற பின் கம்பியும் சேந்து அரை கிலோன்னு வெச்சுக்குவோம். 3000-ல அத நிறுத்தித் திருப்ப ஒவ்வொரு தடவையும் கிட்டத்தட்ட 225 கிலோ எடை அழுத்துற அளவு விசை வேணும், 4000-ல அதுவே 400 கிலோ. மொத்த வண்டியே 200 கிலோவுக்குள்ள தான். அந்த விசைய பிஸ்டனுக்கு கொடுக்குறது கிராங்க் (பிஸ்டனோட மேல கீழ ஓட்டத்த சுத்தலா மாத்துற தண்டு), கிராங்க பிடிச்சிருக்கிறது இன்ஜின் பாடி, பாடிய பிடிச்சிருக்கிறது சேசிஸ், சேசிஸ பிடிச்சிருக்கிறது நீங்க.

அந்த ரெண்டு நம்பரையும் இன்னொரு தடவ பாருங்க, ஆர்பிஎம் மூணுல ஒரு பங்கு தான் ஏறுச்சு, விசை ஏறத்தாழ ரெண்டு மடங்கு ஆயிடுச்சு. ஆர்பிஎம் டபுள் ஆனா விசை நாலு மடங்கு. 60-ல சும்மா இருந்த வண்டி 80-ல கைய கூச வைக்கிறது இதனால தான், அதுல கோளாறு எதுவும் இல்ல.

உலக்கை போட்டு நெல்லு குத்துறத பாத்திருப்பீங்க, இல்ல பாட்டி சொல்லியாவது கேட்டிருப்பீங்க. உலக்கைய வேகமா கீழ தள்ளும்போது குத்துறவங்க உடம்பு லேசா மேல எழும்பும், உலக்கைய தூக்கும்போது கால் தரையில அழுந்தும். பிஸ்டன் தான் உலக்கை, இன்ஜின் பாடி தான் குத்துற ஆளு. இப்ப ஒரே உரல்ல ரெண்டு பேரு எதிரெதிர நின்னு மாத்தி மாத்தி போட்டா ஒருத்தர் எழும்பும்போது இன்னொருத்தர் அழுந்துவாங்க, தரைக்கு போற அதிர்ச்சி பாதி அடங்கிடும். ரெண்டு சிலிண்டர் வண்டி ஸ்மூத்தா இருக்குறதுக்கு பாதி காரணம் இதுலயே இருக்கு.

ஒரு சிலிண்டர்ல எதிர்ல நிக்க ஆள் இல்ல, அதனால கிராங்க்லயே பிஸ்டனுக்கு எதிர்ப்பக்கம் ஒரு வெயிட்ட வெச்சிடுறாங்க. பிஸ்டன் மேல போகும்போது வெயிட் கீழ போகும், சரியா போச்சுன்னு தோணும். ஆனா பிஸ்டன் மேல கீழ மட்டும் தான் போகும், வெயிட்டு வட்டமா சுத்தும். கிராங்க் கால் சுத்து திரும்பி வெயிட்டு முன்பக்கமா வந்து நிக்கும்போது அத எதிர்க்க அங்க எதுவுமே இல்ல, அதனால இன்ஜின் முன்னும் பின்னும் ஆட ஆரம்பிச்சிடும். பிஸ்டன் எடைக்கு முழுசா ஈடு கட்டினா மேல கீழ ஆட்டம் போயி முன்ன பின்ன ஆட்டம் அதே பலத்தோட வந்துடும், ஈடே கட்டலன்னா மேல கீழ ஆட்டம் முழுசா இருக்கும். அதனால நடுவுல எங்கயோ, பாதிக்கு பக்கத்துல ஈடு கட்டுவாங்க. எவ்வளவு, எந்த திசையில ஆடினா இந்த சேசிஸ் தாங்கும், ஓட்டுறவனுக்கு எது கம்மியா உறுத்தும்னு பாத்து முடிவு பண்றது டிசைன் பண்றவங்க வேலை.

பாதி ஈடு கட்டினா இன்னொரு விஷயம் நடக்குது, எனக்கு இது முதல் தடவ புரிஞ்சப்போ ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு. மிச்சம் இருக்குற விசை மேல கீழயும் இல்ல, முன்ன பின்னயும் இல்ல, அது ஒரே அளவுல வட்டமா சுத்துது, அதுவும் கிராங்க் சுத்துற திசைக்கு நேர் எதிரா! அப்படின்னா கிராங்க் வேகத்துலயே எதிர்த்திசையில சுத்துற இன்னொரு வெயிட்ட வெச்சா கதை முடிஞ்சுது. அது தான் பேலன்சர் ஷாஃப்ட். கிராங்க் கியர்ல இருந்து ஓடுற ஒரு சின்ன தண்டு, அதுல ஒரு பக்கமா கனமான இரும்பு, அவ்வளவு தான். 2020 நவம்பர்ல மீட்டியார் 350 வந்தப்போ ராயல் என்ஃபீல்டு புதுசா போட்ட 349 சிசி இன்ஜின்ல இது இருக்கு, ஸ்ட்ரோக்கும் 85.8 மில்லிமீட்டரா குறைஞ்சு போர் 72 ஆச்சு. அதே இன்ஜின் 2021-ல கிளாசிக்குக்கும் 2023-ல புல்லட்டுக்கும் வந்துச்சு. பழைய புல்லட்டையும் புதுசையும் ஒரே நாள்ல ஓட்டிப் பாத்தவங்களுக்கு வித்தியாசத்த விளக்கவே தேவையில்ல, கண்ணாடியில பின்னாடி வர்ற லாரி தெளிவா தெரியுதா கலங்கி தெரியுதாங்கறதுலயே தெரிஞ்சிடும்.

பேலன்சர் இருந்தும் கொஞ்சம் சிலிர்ப்பு மிச்சம் இருக்கும், அதுக்கு காரணம் பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கிற கனெக்டிங் ராட். கிராங்க் உச்சியில இருந்து கால் சுத்து திரும்பினா பிஸ்டன் சரியா பாதி தூரம் வந்திருக்கும்னு நெனைப்போம், வராது, பாதிக்கு மேலயே வந்திருக்கும், ஏன்னா அந்த இடத்துல ராடு சாஞ்சு நிக்குது, சாஞ்ச ராடு செங்குத்துல கொஞ்சம் குட்டையாயிடுது. 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்குக்கு 180 நீள ராடு போட்டா முதல் கால் சுத்துல பிஸ்டன் சுமார் 51 மில்லிமீட்டர் இறங்கும், அடுத்த கால் சுத்துல 39 தான். நோட்டுல வட்டம் போட்டு ஸ்கேல் வெச்சு நீங்களே அளந்து பாக்கலாம். அதே நேரத்துல மேல் பாதியில அதிக தூரம், கீழ் பாதியில கம்மி தூரம், இந்த ஏற்றத்தாழ்வுல இருந்து ஒரு சுத்துக்கு ரெண்டு தடவ வர்ற சின்ன அதிர்வு ஒண்ணு பிறக்குது. இதுக்கு செகண்டரி வைப்ரேஷன்னு பேரு, முன்ன சொன்ன பெருசு பிரைமரி. நாலு சிலிண்டர் வரிசையா இருக்குற பெரிய வண்டிகள்ல பிரைமரி தானாவே அடிபட்டு போயிடும், ஆனா நாலு பிஸ்டனோட செகண்டரியும் ஒண்ணா கூடிடும், அதனால தான் அந்த வண்டிகள்ல உதறல் இருக்காது, ஆனா மெல்லிசா ஒரு ரீங்காரம் கையில ஏறும்.

2018-ல வந்த இன்டர்செப்டர் 650-ல 270 டிகிரி கிராங்க்னு கேள்விப்பட்டிருப்பீங்க. ரெண்டு பிஸ்டனும் முக்கா சுத்து, மறுபக்கமா எண்ணினா கால் சுத்து, தள்ளி நிக்கிற மாதிரி அமைப்பு அது, அப்ப ஒண்ணோட செகண்டரிய இன்னொண்ணோடது அடிச்சிடும், மிச்சத்த பேலன்சர் ஷாஃப்ட் பாத்துக்கும்.

இன்ஜின்ல ஆட்டத்த நிறுத்தாம, ஆட்டம் நம்ம கிட்ட வராம தடுக்குறது இன்னொரு வழி. 1967-ல வந்த நார்ட்டன் கமாண்டோ இந்த வழியில போனது. பேலன்சர் இல்லாத பெரிய ரெண்டு சிலிண்டர் இன்ஜின், அத சேசிஸ்ல நேரா முறுக்காம நடுவுல ரப்பர் வெச்சு மாட்டினாங்க. இன்ஜின் தன் பாட்டுக்கு குலுங்கும், ஓட்டுறவனுக்கு தெரியாது. இப்பவும் நிறைய வண்டிகள்ல இன்ஜின் மவுண்ட்டுல ரப்பர் புஷ் இருக்கும், அது காய்ஞ்சு கல்லாயிட்டா இல்ல ஆயில் பட்டு ஊறிப்போச்சுன்னா புது வண்டியில இல்லாத அதிர்வு வர ஆரம்பிக்கும்.

இதுவரைக்கும் விசைய பத்தி பேசினோம். ஆனா ஒரு வண்டி சரியா 4500-ல மட்டும் உறுமிட்டு 4200-லயும் 5000-லயும் அமைதியா இருக்கே, ஏன்? ஊஞ்சல யோசிச்சுக்கோங்க. ஊஞ்சலுக்குன்னு ஒரு தாளம் இருக்கு, அந்த தாளத்துக்கு தள்ளினா ஒரு குழந்தை கூட பெரியவங்கள உயர ஆட்டிடும், தாளம் தப்பி தள்ளினா எவ்வளவு பலமா தள்ளினாலும் ஏறாது. வண்டியில இருக்குற ஒவ்வொரு பொருளுக்கும், ஹேண்டில் பார், கண்ணாடி, ஃபுட்ரெஸ்ட், நம்பர் பிளேட், டேங்க், எல்லாத்துக்கும் அதனதன் தாளம் இருக்கு. இன்ஜின் அந்த தாளத்துல சுத்தும்போது அந்த பொருள் மட்டும் துள்ளும், இது தான் ரெசொனன்ஸ். ஹேண்டில் முனையில மாட்டுற பார் எண்ட் வெயிட் இந்த தாளத்த தான் மாத்துது, கனம் ஏறினா தாளம் மெதுவாகும், துள்ளல் கீழ் ஆர்பிஎம்முக்கு இறங்கிடும். அதாவது அதிர்வ அழிக்கல, நீங்க அதிகமா ஓட்டாத ஸ்பீடுக்கு நகத்தி வெச்சிருக்கீங்க. அதனால கனமான வெயிட் வாங்கி மாட்டினதும் எல்லாருக்கும் நல்லா ஆயிடாது, உங்க தினசரி ஸ்பீடுக்கே துள்ளல் இறங்கி வந்துடவும் வாய்ப்பு இருக்கு, ஒரு நண்பரோடத கழட்டி மாட்டிப் பாத்துட்டு வாங்குங்க.

இப்ப முக்கியமான விஷயம், நடுவுல வந்து ஒட்டிக்கிட்ட அதிர்வ எப்படி கண்டுபிடிக்கிறது. இந்த அதிர்வு எத ஃபாலோ பண்ணுதுன்னு கேளுங்க, இன்ஜின் வேகத்தையா, ரோட்டுல ஓடுற வேகத்தையா? ஆள் இல்லாத நேரான ரோட்டுல அதிர்வு வர்ற ஸ்பீடுக்கு போயி கிளட்ச்ச பிடிச்சு ஆக்சிலேட்டர விட்டுடுங்க. வண்டி அதே ஸ்பீடுல உருளும், இன்ஜின் ஐடிலுக்கு இறங்கிடும். அதிர்வு நின்னா விஷயம் இன்ஜின் பக்கம் இல்லன்னா செயின் பக்கம். நிக்காம தொடர்ந்தா இன்ஜின மறந்துடுங்க, வீல் பேலன்ஸ், டயர், பேரிங், ஸ்போக்குன்னு பாருங்க. அடுத்து அதே ஸ்பீடுல ஒரு கியர் மாத்தி ஓட்டுங்க, அதிர்வோட குணம் மாறினா இன்ஜின் தான். வண்டிய சென்டர் ஸ்டாண்டு போட்டு நியூட்ரல்ல மெதுவா ரெய்ஸ் பண்ணி அதே ஆர்பிஎம்ல அதே அதிர்வு வருதான்னும் பாக்கலாம், நியூட்ரல்ல வராம லோடு குடுத்தா மட்டும் வந்தா செயின், ஸ்ப்ராக்கெட், ஹப்புக்குள்ள இருக்குற ரப்பர் இதுல கண்ண வைங்க.

கைக்கே கூட வித்தியாசம் தெரியும். 80 கிலோமீட்டர் ஸ்பீடுல வீல் செகண்டுக்கு சுமார் 11 தடவ சுத்துது, இன்ஜின் 3600-ல இருந்தா 60 தடவ. 11-ங்கிறது ஆட்டம், தோள்பட்டை வரைக்கும் தெரியும். 60-ங்கிறது சுர்ரு, விரல்லயும் உள்ளங்கால்லயும் கூசும்.

ஆர்பிஎம் ரொம்ப கம்மியா இருக்கும்போது வர்ற உதறல் வேற. டாப் கியர்ல 30-ல போய்க்கிட்டு ஆக்சிலேட்டர முறுக்குனா வண்டி குதிரை மாதிரி திமிறும், ஏன்னா நாலு ஸ்ட்ரோக் ஒரு சிலிண்டர் இன்ஜின்ல ரெண்டு சுத்துக்கு ஒரு தடவ தான் பெட்ரோல் எரிஞ்சு பிஸ்டன் மேல அடி விழுது, மெதுவா சுத்தும்போது ஒவ்வொரு அடியும் தனித்தனியா தெரியும். ஒரு கியர் இறக்குங்க, சரியாயிடும். மைலேஜுக்காக இப்படியே ஓட்டுறவங்க கிராங்க் பேரிங்கயும் செயினையும் அடி வாங்க வெச்சுக்கிட்டு இருக்காங்க.

என் பழைய 150 சிசி வண்டிய வெச்சு ஒரு விஷயம் சொல்றேன். அஞ்சு வருஷம் ஓட்டினது, அதோட சுர்ரு எனக்கு மனப்பாடம். ஒரு மாசமா 5000 பக்கம் புதுசா ஒரு கரகரப்பு, டேங்க்ல முழங்கால் பட்டா பல்லு வரைக்கும் ஏறும். ஒரு ஒர்க்‌ஷாப்ல பிஸ்டன் ரிங்கு போச்சு, இன்ஜின பிரிக்கணும்னாங்க. பயந்து போய் வீட்டுல வந்து ஒரு சாயங்காலம் பூரா பெட்ரோல் தொட்ட துணி வெச்சு இன்ஜின சுத்தி தொடச்சேன். முன்பக்க மவுண்ட் போல்ட்ட சுத்தி மட்டும் குங்குமம் கொட்டின மாதிரி செவப்பு பொடி. தொடச்சா விரல்ல ஒட்டுது. இரும்பும் இரும்பும் கண்ணுக்கு தெரியாத அளவு உரசி உரசி வர்ற துருப்பொடி அது, போல்ட்டு இறுக்கமா இருந்தா வரவே வராது. ஸ்பேனர போட்டா முக்கா சுத்து சும்மா திரும்புச்சு. இறுக்கிட்டு ஓட்டினேன், அந்த கரகரப்பு அங்கயே முடிஞ்சுது. அதுல இருந்து வண்டி கழுவும்போதெல்லாம் ஒவ்வொரு மவுண்ட்டையும் பாக்காம விடுறதில்ல.

போல்ட்ட இறுக்கும்போது ரெண்டு விஷயம். இன்ஜின் ஆறினப்புறம் தான் கை வைக்கணும். அப்புறம் கை பலத்த காட்டாதீங்க, மேனுவல்ல ஒவ்வொரு போல்ட்டுக்கும் டார்க், அதாவது எவ்வளவு பலத்துல முறுக்கணும்னு போட்டிருக்கும், டார்க் ரென்ச் வெச்சிருக்கிற மெக்கானிக் கிட்ட அந்த நம்பர சொல்லி இறுக்க சொல்லுங்க, அலுமினியத்துல போற மரை வழுக்கிடுச்சுன்னா 10 ரூபா வேலை பெரிய செலவாயிடும். ஒரு போல்ட்ட மட்டும் முழுசா முறுக்கிட்டு அடுத்ததுக்கு போகாம எல்லாத்தையும் கையால ஏத்திட்டு அப்புறமா ஒவ்வொண்ணா இறுக்கினா இன்ஜின் கோணாம உக்காரும். சைலன்சர் கிளாம்ப்பு, ஹேண்டில் கிளாம்ப்பு, ஃபுட்ரெஸ்ட் போல்ட்டு இதெல்லாமும் அதே கையோட பாத்துடுங்க. செயின் தொய்வு எவ்வளவு இருக்கணும்னு வண்டியிலயே பெரும்பாலும் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், வீல சுத்திவிட்டு நாலு இடத்துல அளந்து பாருங்க, ஒரு இடத்துல விறைப்பும் இன்னொரு இடத்துல தொளதொளன்னும் இருந்தா செயின் ஆயுசு முடியப்போகுதுன்னு அர்த்தம். பிளக் பழசானாலோ ஏர் ஃபில்டர் அடைச்சாலோ இன்ஜின் நடுநடுவுல அடி தப்பும், அதுவும் கையில அதிர்வா தான் தெரியும். ஆனா திடீர்னு ஒரே நாள்ல அதிர்வு கூடி, கூடவே டக் டக்னு இரும்பு சத்தம் வந்தா ஓட்டிக்கிட்டே போகாதீங்க, அப்படியே நிறுத்தி வண்டிய ஏத்திக்கிட்டு போங்க. பிக் எண்ட் பேரிங்கோ (கனெக்டிங் ராடு கிராங்கோட சேர்ற இடத்து பேரிங்) பேலன்சர் கியரோ உள்ள உடைஞ்சா சிலிண்டரோட சேத்து எடுத்துக்கிட்டு போயிடும்.

ஹேண்டில்ல போன் ஹோல்டர் மாட்டியிருக்கவங்களுக்கு, 2021 செப்டம்பர்ல ஆப்பிள் கம்பெனியே சொல்லியிருக்கு, பெரிய மோட்டார்சைக்கிள் இன்ஜினோட அதிர்வு ஹேண்டில் வழியா ஏறினா கேமராவுல ஆட்டத்த தடுக்குற குட்டி மெக்கானிசம் கெட்டுப்போகலாம்னு. அந்த மாதிரி மெக்கானிசம் வேற கம்பெனி போன்கள்லயும் நிறைய இருக்கு. ரப்பர் டேம்பர் வெச்ச ஹோல்டர் வாங்குங்க, இல்ல போன பாக்கெட்ல வெச்சு காதுல மேப் கேளுங்க.

போனுக்கே இப்படின்னா கைக்கு? நான் இத எழுத உக்காந்ததே தினமும் பத்து மணி நேரம் வண்டியிலயே இருக்குற டெலிவரி தம்பிங்கள நெனச்சு தான். ஐரோப்பாவுல 2002-ல இருந்து இதுக்குன்னே சட்டம் இருக்கு, அதிர்ற மெஷின பிடிச்சு வேலை செய்யுறவங்க கையில ஏறுற அதிர்வு, 8 மணி நேர சராசரியில செகண்ட் ஸ்கொயருக்கு 2.5 மீட்டர் (அதிர்வோட பலத்த அளக்குற அளவு) தாண்டினா முதலாளி அத குறைக்க ஏற்பாடு பண்ணியே ஆகணும், 5-ஐ தாண்டவே கூடாது. கைய கெடுக்கும்னு தெரிஞ்சதால தான் அளவு வெச்சிருக்காங்க. ஹேண்டில இறுக்கிப் பிடிச்சா அதிர்வு இன்னும் நேரா எலும்புல ஏறும், தளர்த்தி பிடிங்க, உள்ளங்கையோட அடிப்பகுதிய ஊனாதீங்க, ஊனினா சுண்டு விரலும் மோதிர விரலும் தான் முதல்ல மரக்கும். தேஞ்சு வழுவழுன்னு ஆன கிரிப்ப மாத்துங்க, பேடு வெச்ச கிளவுஸ் போடுங்க, முக்கா மணிக்கு ஒரு தடவ இறங்கி கைய உதறுங்க. வண்டிய விட்டு இறங்கி பத்து நிமிஷத்துல மரப்பு போயிடுச்சுன்னா பரவால்ல. ஆனா கட்டைவிரலும் அடுத்த ரெண்டு விரலும் மரத்து ராத்திரி தூக்கத்துல எழுப்புது, காலையில டம்ளர் பிடிக்க முடியாம நழுவுதுன்னா அது மணிக்கட்டு நரம்பு அழுந்துற அறிகுறி, மெக்கானிக் கிட்ட போறதுக்கு முன்னாடி டாக்டர் கிட்ட போங்க.